மலைக்குக் கட்டிய மூட்டை

பேகன் என்னும் வள்ளல் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்திலே படித்த காலத்தில், வன்னிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. மயில் எங்களுக்குப் புதிதன்று. வயல் வரப்பிலும் குளத்து அலைகரையிலும் நாள்தோறும் காண்பதே. போர்வைதான் புதிது. பங்குனி வெயிலில் வாயைத் திறந்தபடி பாலை மரத்து நிழலைத் தேடி நிற்கும் மயிலைக் கண்டவன், அதற்கு ஒரு சிரட்டை தண்ணீர் வைக்க நினைப்பானேயன்றிப் போர்வை போர்த்த நினைப்பானோ? பேகன் மலைநாட்டுத் தலைவன், அவனுடைய நாடு பழனிமலைப் பக்கத்தது என்று ஆசிரியர் விளக்கிய பின்னரும், அது ஏட்டுக் குளிராகவே எங்களுக்கு இருந்தது.

அந்த ஏட்டுக் குளிரை மெய்யாகவே அனுபவிக்கும் எண்ணம் 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் குடும்பத்துக்கு உண்டாயிற்று. மாத்தளையிலே முத்துமாரியம்மனைத் தரிசித்து, கண்டியிலே தலதா மாளிகையைப் பார்த்து, அங்கிருந்து அற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய்ச் சிவனொளிபாதமலை ஏறுவது என்று தீர்மானித்தோம். நானும் மனைவியும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும், அவளுக்கு இரண்டு வயது இளையவனாகிய மகனும், என் மைத்துனருமாக ஐந்து பேர். தீர்மானிப்பது எளிது. மூட்டை கட்டுவதல்லவா சங்கடம்!

வவுனியாவில் மலை இல்லை. குளக்கட்டே எங்களுக்கு மலை. மாலையில் அதன்மேல் ஏறி நின்று காற்று வாங்குவதையே பெரிய ஏற்றமாக மதிக்கும் ஊர் இது. வீட்டிலுள்ள துணிகளை எல்லாம் எடுத்துக் கட்டிலிலே பரப்பிப் பார்த்தோம். பருத்திச் சட்டைகள், சாரங்கள், சேலைகள், துவாய்கள். கம்பளி நூல் என்று சொல்ல ஒரு முழங்கூட இல்லை.

மகன் கணக்கிலே ஆர்வமுடையவன். மலையின் உயரம் 2,243 மீற்றர். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஆறரைப் பாகை அளவில் குறையும் என்று அவனுடைய பாடநூல் சொல்லுகின்றது. பெருக்கிப் பார்த்தான், பதினான்கு பாகை வந்தது. "எங்கடை விடியற்காலம் இருபத்திரண்டு எண்டால், அங்கை எட்டு, அப்பா. எங்கடை குளிர்சாதனப் பெட்டியிலை கத்தரிக்காய் இருக்கிற தட்டு மாதிரி" என்றான். அதிலே காற்றின் கணக்குச் சேரவில்லை. திறந்த உச்சியிலே காற்றடித்தால் எட்டுப் பாகை நான்கைப் போல உறைக்கும்.

இந்த இடத்திலேதான் எங்கள் அடுத்த வளவு அம்மாயி வந்து சேர்ந்தார். வேலிக்கு அப்பால் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் ஆலோசனைகளைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் படலையைத் திறந்து வந்துவிட்டார். அவர் பிறந்தது மஸ்கெலியாவுக்குச் சமீபமான ஒரு தேயிலைத் தோட்டத்திலே. 1977ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தின் பின்னர் மலையை விட்டு வவுனியாவுக்கு வந்த எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வந்தபொழுது அவருக்கு இருபது வயது. வெயிலிலே காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாயும் கச்சானும் பயிரிட்டு இந்த மண்ணோடு மண்ணாகிவிட்டார். எங்கள் ஒழுங்கையிலே குளிரைப் பற்றிப் பேசும் தகுதி அவர் ஒருவருக்கே உண்டு. எனினும், இத்தனை ஆண்டுகளில் அவரிடம் அதைப் பற்றி எவரும் கேட்டதில்லை.

"சார், ஒரு தடிச்ச சட்டையைப் போட்டா குளிர் போயிரும்னு நெனைக்காதீங்க. மூணு மெல்லிசு ஒரு தடிச்சதுக்கு மேல" என்றார் அம்மாயி.

இது விஞ்ஞானத்துக்கு ஒத்த பேச்சு. உடம்புக்குச் சூடு தருவது துணி அன்று. துணிகளுக்கு இடையிலே அசையாமல் சிறைப்பட்டு நிற்கும் காற்றுத்தான் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாது காக்கின்றது. மூன்று துணிக்கு இடையிலே இரண்டு காற்றுச் சுவர். ஏறும்பொழுது வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்பொழுது போட்டுக்கொள்ளலாம். பருத்திக்கு ஒரு குறை உண்டு. வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும். ஈரம் உலருங்கால் உடம்புச் சூட்டையும் உடன்கொண்டு போகும். எங்கள் ஊரிலே அது பெரிய உபகாரம்; மலையுச்சியிலோ பெருந் தீங்கு. ஆட்டு மயிராலாகிய கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். அம்மாயி இதையெல்லாம் ஏட்டிலே படித்தவரல்லர். விடியற்பனியிலே கொழுந்து பறித்த உடம்பு படித்த பாடம் அது.

அவர் சொன்ன மற்றொரு யோசனையை மலை ஏறப் போகும் எவர்க்கும் சொல்லுவேன். ஆளுக்கொரு உலர்ந்த பனியனையும் ஒரு சோடி உலர்ந்த மேசையும் பொலித்தீன் பையிலே சுற்றி மூட்டையின் அடியிலே வைத்துவிட வேண்டும். என்ன நேர்ந்தாலும் உச்சி சேரும்வரை அதைத் தொடலாகாது. ஏறுகிறவனுக்குக் குளிர் தெரியாது. நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரம் படிகளோடு போராடி, வியர்த்து விறுவிறுத்து உச்சி சேர்ந்து, சூரியன் உதிக்கும் வரை உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்திலேதான் குளிர் தன் வேலையைக் காட்டும். அப்பொழுது ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததை அணிந்தவன் தப்பினான். மேசு எதற்கு என்று கேட்பீர்கள். பாதம் இருக்கும் மேடைக்குச் சப்பாத்தோடு போக முடியாது. வெறுங்காலோடு அந்தக் கல்லிலே நிற்பது பனிக்கட்டியிலே நிற்பதற்குச் சமானம்.

சுவெற்றர்களைச் சந்தையிலே பழைய உடுப்பு விற்கும் ஒரு கடையிலே வாங்கினோம். எந்தக் குளிர்நாட்டிலே யார் அணிந்து கழித்தவையோ, கப்பலேறி வந்து வன்னி வெயிலிலே தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரரே எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மைத்துனருடைய சுவெற்றரிலே கலைமான் படம் இருந்தது. அதைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கின்றேன்.

சப்பாத்து விடயத்திலே மகனுக்கும் எனக்கும் வழக்கு. மலைக்கென்று புதிதாக ஒன்று வேண்டுமென்றான். புதுச் சப்பாத்தைக் கொண்டு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்குவது காலுக்குச் செய்யும் துரோகம். பழகிய சப்பாத்தே சிறந்தது. ஏறுவது நெஞ்சுக்குச் சோதனை; இறங்குவது முழங்காலுக்கும் கால்விரலுக்கும் சோதனை. இறங்கும்பொழுது பாதம் முன்னே வழுகி நகங்கள் சப்பாத்தின் முனையிலே இடிக்கும். ஆகவே புறப்படுமுன் நகம் வெட்டிக்கொள்வதும், இறங்குமுன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுவதும் ஒரு புதுச் சோடியை விடப் பயன் தருவன. கடைசியில் பழைய சப்பாத்துக்கே புதுக் கயிறு வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

உடுப்பிலே இன்னுமொரு சிக்கல் உண்டு. குளிருக்கு ஓர் உடை என்றால் தெய்வத்துக்கு ஓர் உடை. மாத்தளைக் கோயிலுக்கு எனக்கும் மைத்துனருக்கும் வேட்டி சால்வை, பெண்களுக்குச் சேலையும் பாவாடை தாவணியும். தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். அங்கே அடியார் வெள்ளை உடுத்துவதே வழக்கம். ஆகவே வெள்ளை வேட்டி இரண்டு இடத்துக்கும் உதவிற்று. சைவனுக்குச் சிவன் பாதம், பௌத்தனுக்குப் புத்தர் பாதம், முஸ்லிமுக்கும் கிறிஸ்தவனுக்கும் ஆதிமனிதன் ஆதத்தின் பாதம் என்று ஒரே கல்லை நான்கு சமயத்தவரும் போற்றும் மலைக்கு, ஒரு வேட்டி இரண்டு கோயிலுக்குப் பொதுவாவது பெரிதல்லவே.

இந்த மலைக்கு மூட்டை கட்டியவர்களிலே வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரும் உண்டு. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கைக் கரையிலே இறங்கினார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. வேண்டியதைக் கேள் என்ற மன்னரிடம், ஆதத்தின் பாதத்தைக் காண்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார். மன்னர் ஒரு பல்லக்கைக் கொடுத்து, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தில் பதின்மர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரை உடன் அனுப்பினார். கூட்டிப் பாருங்கள், பல்லக்குத் தூக்கியவர்களை விட்டே முப்பத்திரண்டு பேர்! எங்கள் மகனுடைய தோளிலே சமையற்பாத்திரம் ஒன்றைத் தொங்கவிட்டதற்கு அவன் செய்த முறைப்பாட்டை நினைக்கையில், அந்தப் பதினைந்து பேரைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்று தோன்றியது.

இபுன் பதூதா தம் நூலிலே அட்டையைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். நீரோரத்து மரத்திலும் புல்லிலுமிருந்து அது ஆள்மேலே பாயுமாம். அதற்காக மக்கள் தேசிக்காய் கையிலே வைத்திருந்து, அதைப் பிழிந்தவுடன் அட்டை விழுந்துவிட, கடித்த இடத்தை மரக்கத்தியாற் சுரண்டுவார்களாம். மகள் இதை உரக்க வாசித்தாள். அம்மாயி சிரித்துவிட்டு, "எலுமிச்சங்காயா? ஆமா. உப்பும் சவர்க்காரமும் அதைவிட நல்லது" என்றார். அட்டை கடித்தால் இரத்தம் சற்று நேரம் நில்லாமற் கசியும். இரத்தம் உறையாதிருக்க அது ஒரு நீரைச் செலுத்துவதே காரணம். அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையான யாத்திரைக் காலத்திலே படிப்பாதையில் அட்டை அரிது. ஆயினும் எங்கள் முற்றத்து மரத்துத் தேசிக்காய் ஆறு மூட்டையிலே ஏறின. அட்டைக்கு உதவாவிட்டாலும் தேநீருக்கு உதவும்.

உணவுக்குப் பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, தட்டை வடை, ஒரு பொட்டலம் கற்கண்டு. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் இடித்த தூள் ஒரு போத்தல். மருந்துக்குச் சித்தாலேபையும் தலையிடிக் குளிசையும் துணிக்கட்டும். ரோச் லைற் இரண்டு. யாத்திரைக் காலத்திலே வழியெல்லாம் விளக்கு எரியுமெனினும் மின்சாரத்தை நம்பியிருப்பது வன்னியில் வளர்ந்தவர் வழக்கமன்று. ஊசியும் வெள்ளை நூலும் எதற்கென்றால், வழியிலே ஓரிடத்தில் புத்தர் பெருமான் தம் கிழிந்த சீவரத்தைத் தைத்தார் என்பது ஐதீகம். சிங்கள யாத்திரிகர் அங்கே ஊசியில் நூல் கோத்துப் பாதையோரமாக இழுத்துச் செல்வர். எங்களுக்குப் பொத்தான் தைக்கவும் ஆகுமென்று மனைவி வைத்தாள்.

எல்லாம் வைத்து முடிந்தது என்று நான் கயிற்றை இறுக்கும்பொழுது, மனைவி அறைக்குள்ளே போய் அந்தப் பையை எடுத்து வந்தாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க இயலாது. நீல நிறத்து றெக்சின் பை. உள்ளே இரட்டைப் பொலித்தீன். அதற்குள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் விவாகப் பதிவு, காணி உறுதி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, அவளுடைய பரீட்சைப் பெறுபேறு, மறைந்த என் மாமனாரின் ஒரேயொரு நிழற்படம். அவள் முல்லைத்தீவுப் பக்கத்தவள். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 2009 வைகாசி வரை அவளும் அவளுடைய வீட்டாரும் எத்தனை முறை மூட்டை கட்டினார்கள் என்பதை நான் கேட்டதில்லை. முதன்முறை கட்டியபொழுது உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான் இருந்ததாம். கதவு நிலையைக்கூடக் கழற்றி ஏற்றினார்களாம். அடுத்த முறை ஒரு சைக்கிள் சுமக்குமளவு. அதற்கடுத்து இரண்டு கை. செட்டிகுளத்து மனிக் பாம் முகாமுக்குள் வந்தபொழுது அவள் கையிலே மிஞ்சியிருந்தது இந்தப் பை ஒன்றே. முகாமிலே தொலைந்த கடதாசிக்குப் பிரதி எடுக்க அலைந்தவர்களின் பாட்டைக் கண்டவள் அவள். அம்முகாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியில் மூடப்பட்டது. பை இன்னமும் மூடப்படவில்லை.

"மலைக்கு ஏன் உறுதி?" என்று மைத்துனர் கேட்டார். அவரும் அதே வழியாக வந்தவர்தாம். ஆகையால் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, எனக்கில்லை.

"உங்களுக்குப் பாரமெண்டால் நான் கொண்டுவாறன், அண்ணை. இதை விட்டிட்டு ஒரு இடமும் வரமாட்டன்."

நிறுத்துப் பார்த்தால் அது அரைக் கிலோவும் இராது. மலையேறுபவன் தன் எடையிலே பத்திலொரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது, கனத்த பொருளை முதுகோடு ஒட்டியும் சற்று மேலேயும் வைக்க வேண்டும் என்றெல்லாம் நான் விதி வைத்திருந்தேன். பையை முதுகோடு ஒட்டிய இடத்திலே வைத்துக் கட்டினேன்.

அம்மாயியைக் கூட வரும்படி பலமுறை அழைத்தோம். முழங்கால் வலி என்றார். பிறகு, "அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றார். புறப்படுகின்ற அன்று காலையிலே, அந்துருண்டை மணக்கும் ஒரு கருங்கம்பளியைக் கொண்டுவந்து மகள் கையிலே கொடுத்தார். தோட்டத்திலே ஆண்டுக்கொரு கம்பளி கொடுத்து அதன் விலையைச் சம்பளத்திலே கழிப்பார்களாம். அப்படி அவருடைய தாயார் வாங்கியது. மழையிலே தலையிலிருந்து முதுகு வரை போர்த்துக்கொண்டு அதன்மேல் கூடையின் கயிற்றை மாட்டுவார்களாம். "இதைப் பத்தி மறந்துட்டீங்களே சார்" என்றுகூடச் சொல்லவில்லை. "பாப்பா போத்திக்கட்டும்" என்றதோடு போய்விட்டார்.

பேருந்து மதவாச்சியைத் தாண்டி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகத் தெற்கே போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையிலே இறங்கி, இந்தக் காடுகளினூடாகவே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியுமாக வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். 2023ஆம் ஆண்டு ஆடி ஆவணியிலே, அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்ததைப் பத்திரிகைகளிலே படித்திருப்பீர்கள். அவர்கள் நாட்கணக்கில் நடந்த வழியை நாங்கள் சில மணி நேரத்திலே கடந்தோம். வெப்ப நாட்டிலிருந்து புறப்பட்ட அவர்களுடைய மூட்டையிலும் கம்பளி இருந்திராது. நடந்து நடந்து மலையடியிலே வந்து நின்றபொழுதுதான் குளிர் என்பது இன்னதென்று தெரிந்திருக்கும். மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியிலே, மாசிமகத்துக்கு ஐந்து தேர் இழுக்கும் அந்த வீதியிலே நின்றபொழுது, என் மடித்த வேட்டியையும் தேடி வாங்கிய சுவெற்றரையும் நினைத்துச் சற்று மௌனமாக இருந்தேன்.

கண்டியைப் பற்றி எழுதுவோர் அநேகர், நான் விட்டுவிடுகின்றேன். மஸ்கெலியாவிலே மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கண்டோம். பழைய மஸ்கெலியாப் பட்டினம் அந்த நீருக்குள்ளேதான் இருக்கின்றது. நீர் வற்றும் காலத்திலே பழைய கோயிலின் எச்சங்கள் தலைகாட்டுமாம். நாங்கள் போனபொழுது நீர் நிறைந்திருந்தது. மகள் கம்பளியை மடியிலே வைத்துக்கொண்டு சன்னலாலே பார்த்தபடி வந்தாள்.

இரவு ஒன்றரை மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் மணி நேரத்துக்குள்ளேயே சுவெற்றர்கள் எல்லாம் இடுப்பிலே கட்டப்பட்டுவிட்டன. அதிகாலையிலேயே தரிசனம் முடித்து இறங்கி வந்த சிங்கள மூதாட்டிகள் "கருணாவய்" என்று வாழ்த்தினார்கள். நாங்களும் அவ்வாறே வாழ்த்தினோம். பாதி வழியிலே தூறல். கடைசிப் படிகளிலே காற்று. உச்சியிலே ஓர் ஓரமாக ஒதுங்கி, பொலித்தீன் பையை அவிழ்த்து உலர்ந்த பனியனை அணிந்தபொழுது உண்டான சுகத்தை எழுதி உணர்த்த இயலாது. மேசும் உதவிற்று. மைத்துனர் கலைமானோடு சுகமாக இருந்தார். மகனும் மனைவியும் சுவெற்றருக்கு மேல் துவாயையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு நடுங்கினார்கள். மகள் கம்பளியை விரித்து இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். மூன்று தலைகள் மட்டும் வெளியே தெரிய, கிழக்கே செவ்வானம் கண்டது. சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் மேற்கே மூடுபனியிலே கூரிய முக்கோணமாக விழுந்தது. மகன் எழுந்து ஓடி மணியை ஒருமுறை அடித்தான்; எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறையே அடிக்க வேண்டுமென்பது முறை. மனைவி எழுந்திருக்கவில்லை. நீலப் பை அவள் மடியிலே, கம்பளிக்குள்ளே இருந்தது.

ஊருக்குத் திரும்பி மூட்டையைப் பிரித்தபொழுது, தேசிக்காய் மூன்று மிஞ்சியிருந்தது. நூல் உருண்டை பாதியாயிருந்தது. மனைவி பையை எடுத்து வழக்கமான ஆணியிலே மாட்டினாள். மகள் கம்பளியோடு வேலிப் பக்கம் போனாள்.

"நனைஞ்சதா?" என்று கேட்டார் அம்மாயி.

"தூறல்தான், அம்மாயி. இன்னும் ஈரமாத்தான் இருக்குது."

அவர் கம்பளியை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் ஒரு கணம் வைத்திருந்தார்.

"வெயில்ல போடக் கூடாது பாப்பா. நிழல்லதான் காயணும்" என்று சொல்லி, வேப்பமரத்தடிக் கொடியிலே அதை விரித்துவிட்டார்.